ஜோடி சேராத ரேம்

“ரேம் அளவு சரியா இருந்தாப் போதும் தங்கச்சி. நூறு கொம்பியூட்டருக்கு இப்புடிக் கலந்து போட்டிருக்கன். ஒண்டும் நிண்டதில்ல...”

“அப்ப நூத்தியோராவது நிண்டிட்டு.”

கணினிக் கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். இஹ்ஸானின் காது சிவந்தது. நேற்று இவளுடைய அண்ணன் கொண்டுவந்த கணினியில், பழைய ரேமுக்குப் பக்கத்தில் கைக்கு அகப்பட்ட வேறொன்றைச் செருகி அனுப்பியவன் அவன்தான். இன்று அதே கணினியோடு ஓட்டோவில் வந்து இறங்கியிருந்தாள் ஸப்னா. இமையில் ஒரு மழைத்துளி... அதைத் துடைக்கவும் அவளுக்கு நேரமில்லை.

“நாளைக்குக் காலையில டிப்ளோமாவுக்கு ஊட்டுப் பிளேன் குடுக்கணும். குடுக்காட்டி ஒரு வருசம் போயிரும். ரெண்டு ரேமும் வேற வேற வேகம். ஒருக்காப் பாருங்க.”

பார்த்தான். தனித்தனியே போட்டால் இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்த்துப் போட்டதும் திரை நீலமாகி நின்றது. மூன்று தரமும்.

‘இனி மதர்போர்டில் பழி போடுவான்’ என்று காத்திருந்தாள்.

“பிழை என்னிலதான்,” என்றான், எல்லாருக்கும் கேட்க.

கல்முனைக் கடைத்தெருவில் அந்தச் சொல்லை அவள் கேட்டதேயில்லை... நிமிர்ந்தாள். மழை இருட்டிலும் தெளிந்திருந்தன அவன் கண்கள்.

ஒரே மாதிரி ரேம் ஜோடியாகக் கடையில் இல்லை. கொழும்பிலிருந்து வர இரண்டு நாளாகும். இஹ்ஸான் தன் சொந்தக் கணினியைத் திறந்தான். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டையும் கழற்றி அவளுடையதில் பூட்டினான்.

“அப்ப உங்கட வேலை?”

“அது நிக்கட்டும். உங்கட வருசம் போகக் கூடாது.”

வீட்டு வரைபடம் திரையில் திறந்தது... அறை அறையாக, சன்னல் சன்னலாக. ஒருமுறைகூட நிற்கவில்லை.

“இவ்வளவும் நீங்க கீறினதா? கடல்காத்து வார பக்கம் சமைக்கிற குசினி... மாஷா அல்லாஹ்!”

‘தங்கச்சி’ எங்கோ தொலைந்திருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

“எங்கட ஊரில ஊடு பொம்புளப் புள்ளைட சீதனம்தானே? வாப்பாமார் வேர்த்து வேர்த்துக் கட்டுவாங்க. மாப்பிள்ளைமார் சூட்கேசோட வந்து இருப்பாங்க!” என்று சீண்டினாள்.

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தான், பிறகு அவளை.

“நான் அப்புடி வர மாட்டன். மருதமுனையில சின்னதா ஒரு வளவு, வெறுங்காணி இருக்கு. ஊட்ட நானேதான் கட்டுவன் எண்டு உம்மாக்கிட்டயும் சொல்லிட்டன்...”

தகரத்தில் மழை கொட்டியது. அவன் குரல் அதற்குள் அமிழ்ந்து, மீண்டது.

“அதுக்கு ஒரு பிளேன் கீறித் தாங்களன். எனக்குப் பிடிச்ச மாதிரி வேணாம்... நீங்க வந்து இருந்தா எப்புடி வேணுமோ, அப்புடிக் கீறித் தருவீங்களா?”