கள்ளிக்குப்பத்தின் ஒரே வாரிசு

வசந்தகுமாரியின் வீட்டுக்கு வந்த கோவிந்தராஜ் உட்காரக்கூட இல்லை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வுபெற்றவர். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கள்ளிக்குப்பத்தில் ஒரு வீடு பேசி முடித்திருந்தார். மறுநாள் காலை பத்திரப்பதிவு. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்தது மொத்தமும் அதற்குத்தான்.

"பேப்பரெல்லாம் சுத்தமா இருக்கும்மா. ஆனா விக்கிறவர் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறார்னு புரியல" என்றார்.

வசந்தகுமாரி சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீடு வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துபோய், இப்போது வாங்கப் போகிறவர்களுக்குத் துணை நிற்கிறார். காகிதங்களை நிதானமாகப் புரட்டினார். வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. வாரிசுச் சான்றிதழில், இறந்துபோன வீட்டுக்காரர் நடேசனுக்கு ஒரே வாரிசு, மகன் பரந்தாமன். அவர்தான் விற்கிறார்.

பதிவானது மட்டும்தான் வில்லங்கத்தில் வரும், வீட்டை நேரில் பார்த்துவிடலாம் என்று கோவிந்தராஜையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆட்டோ ஓட்டிய யூசுப்புக்குத் துப்பறிவது என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

பரந்தாமன் காபி கொடுத்து உபசரித்தார். அம்மா முன்பே போய்விட்டதாகவும், எட்டு மாதம் முன்பு அப்பாவும் போனபின் தான் தனி ஆள் என்றும் சொன்னார். வசந்தகுமாரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, செவுரு பூரா பாசி புடிச்சி கீது. கேட்டாண்ட ஒரு சதுரம் மட்டும் புதுசா வெள்ளை அடிச்சிகீறான்" என்றான் யூசுப்.

அவரும் அதைத்தான் பார்த்திருந்தார். தெருத்தெருவாக மெதுவாக ஓட்டச் சொன்னார். நான்கு தெருவில் ஒன்றும் இல்லை. கடைசியில் பால் பூத்தின் பின்சுவரில், மழையில் வெளுத்துப்போய் ஒரு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"ஒருத்தர் இறந்தா தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவாங்க" என்று வசந்தகுமாரி ஆரம்பித்தார். "கீழே குடும்பத்தார் பேர் வரிசையா இருக்கும். உங்க கேட்டுப் பக்கம் இருந்ததைச் சுரண்டி வெள்ளை அடிச்சிட்டீங்க. பால் பூத்துப் பின்னாடி ஒண்ணை விட்டுட்டீங்க. மகன் பரந்தாமன், மகள் சரசா. இந்த வீட்டுல பாதி அவங்களுது. அவங்க தன் பங்கை விட்டுத் தர்றதா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காம இவர் வாங்கினா, மிச்ச காலமெல்லாம் கோர்ட்டுப் படி ஏறணும்."

பரந்தாமனின் முகம் இறுகியது. நண்பர்கள் தன்னைக் கேட்காமலே அடித்த போஸ்டர் அது என்றார்.

"அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிகினு போனவ. எங்களுக்கு அவ எப்பவோ செத்துட்டா."

கோவிந்தராஜ் மேஜைமேல் இருந்த தன் காகிதங்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு ஆசைப்பட்ட வீடு!

"வாடகைக்குப் போய்க்கிறேன் தம்பி. உயிரோட இருக்கிற பொண்ணைச் செத்துட்டாள்னு சொல்லி வாங்குற வீட்டுல, நான் எப்படிப் பால் காய்ச்சுவேன்?"