வலக்கைப் பக்கம் ஒரு தேவாலயம்

போன் அலறியது.

எடுத்தாள் மதிவதனி.

"காசி உங்க வீட்டுக்காரர்தானே? ஸ்டேஷனுக்கு வாங்க. ஹாரி துரையை யாரோ கொன்னுட்டாங்க."

அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

செங்கம் ரோட்டு வாடகை அறையில், தலையணையால் அமுக்கப்பட்டு இறந்து கிடந்தாராம் அந்த எழுபது வயது ஆங்கிலேயர். நேற்று மாலை அவரைக் கடைசியாக இறக்கிவிட்டது காசியின் ஆட்டோ. ஆகவே காசி லாக்கப்பில்!

"அவர் ரூம்ல மேஜை மேல இருந்த காகிதக் கட்டு மட்டும் காணோம்," என்றார் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி.

அதைத் தட்டச்சு செய்தவளே மதிவதனிதான். ஹாரி பிறந்த வில்லோமியர் கிராமத்தின் வரலாறு. நாற்பத்தாறு வீடுகள், ஓர் ஓடை, நடுவே எழுநூறு வருடத் தேவாலயம்... எட்டு மாதம் அவர் சொல்லச் சொல்ல அடித்ததில், கண்டறியாத அந்த ஊரின் சந்துகள்கூட அவளுக்கு அத்துப்படி.

எதிரே ஓடைக்கரைக் கொக்கைப் போல் அமர்ந்திருந்தான் ஒருவன்.

"இவர் பிரசாத். துரையோட வளர்ப்பு மகனாம்."

"அந்த ஊர்லதான் வளர்ந்தேன். இன்னிக்குக் காலையிலதான் இங்க வந்தேன். அங்க இருக்கிற அப்பாவோட வீடு இனிமே என் பொறுப்பு."

மதிவதனியின் பார்வை லாக்கப் கம்பிக்கும் அவனுக்குமாக அலைந்தது.

"உங்க ஊர்ல எல்லையைச் சுத்தி நடப்பீங்களாமே?"

"ஆமாங்க. மே மாசம் ஊரே கிளம்பும். எல்லைக் கல்லைக் குச்சியால தட்டிக்கிட்டே போவோம்."

"நம்ம கிரிவலம் மாதிரி."

"அதேதான்."

"தேவாலயம் எந்தக் கைப்பக்கம் வரும்?"

"வலக்கை. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் சுத்துறோம்."

அவள் மெல்ல மூச்சுவிட்டாள்.

"இடக்கைங்க."

"என்னது...?"

"மலையை வலக்கையில வச்சே நடந்து பழகினவ நான். அவர் இடதுன்னு சொன்னதை வலதுன்னு அடிச்சுட்டேன். நேத்து மத்தியானம் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். என் லேப்டாப்ல உடனே திருத்திட்டேன். அந்தத் தப்பு மிச்சமிருந்தது, மேஜை மேல இருந்த கட்டுல மட்டும்தான்."

பிரசாத் எழுந்தான். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள்!

அவனுடைய பை திறக்கப்பட்டது. உள்ளே... வில்லோமியர், நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.

"வளர்ப்பு மகன்னு சொல்லி வீட்டை அமுக்க, ஆளைக் கொன்னுட்டு ஊரையே மனப்பாடம் பண்ணியிருக்கான்," என்றார் அன்புச்செல்வி.

லாக்கப் திறந்தது. காசி வெளியே வந்தான்.

"நீ ஒழுங்கா டைப் அடிச்சிருந்தா நான் உள்ளேயே இருந்திருப்பேன்டி."

அன்புச்செல்வி பிரசாத்தின் தோளைத் தொட்டார்.

"லாக்கப் வலக்கைப் பக்கம், சார். இதுல தப்பே இல்ல. நடங்க."