பிளாஸ்திரியை உரித்த மாலை

மனிதகுலம் இதுவரை பட்ட துன்பங்கள் அத்தனைக்கும் காரணம், யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாளில் 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தியதுதான். அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த அவன் இதைச் சிரிக்காமல் சொல்வான். கேட்பவர் சிரித்தால் இன்னொரு முறை சொல்வான். கப்பல்கள் மூழ்கியது, பாலங்கள் இடிந்தது, கணக்குப் பிரிவு மேலாளரின் திருமணம் முறிந்தது, எல்லாம் இதில் அடக்கம். புதிய இயங்குதளம் வந்த அன்றே அதைப் போட்டுக்கொள்ளாதவர்களை அவன் ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அலுவலகத்தில் அவனுக்கு 'அப்டேட்' என்று பெயர். வீட்டில் அக்காவுக்கு வெறும் தம்பி.

அந்த அக்காதான் அவனுடைய ஒரே தோல்வி. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு செய்பவள். அவளுடைய லேப்டாப்பைத் திறந்தால், தூக்கம் கலைந்த கிழவர் போல முனகிக்கொண்டு எழுந்திருக்கும். உள்ளே விசிறி கறகறவென்று நாள் முழுக்க ஓடும். திரையின் மூலையில் புதிய தளத்தின் அறிவிப்பு எட்டிப் பார்க்கும்போதெல்லாம், ஈயை விரட்டுகிற லாவகத்தோடு, 'பிறகு நினைவூட்டு'. போதாக்குறைக்குக் கேமராவின் மேல் ஒரு பிளாஸ்திரி.

"ஏன்க்கா, அதுக்குக் கண்ணுல அடிபட்டிருச்சா?"

"நான் அதைப் பார்த்தா போதும். அது என்னைப் பார்க்க வேணாம்."

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் உலகம் அழியப்போகுது."

"அழியட்டும், அதுக்குள்ள இந்த அத்தியாயத்தை முடிச்சுடறேன். முதல்ல நகம் கடிக்கிறதை நிறுத்து. நான் இல்லாதப்ப இதைத் தொட மாட்டேன்னு என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, காய்ச்சலில் தலைமாட்டில் உட்கார்ந்தவள் அவள். அவன் பொய் சொன்னால் காது மடல் சிவந்துவிடும் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்று அவள் காதைப் பார்க்கவில்லை. நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை அக்கா தோழியைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போனாள். காலையிலிருந்து மழை. மாலையில் அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்திரியை உரித்தான். காயத்திலிருந்து உரிப்பதுபோல ஒரு சின்னச் சத்தம். பழைய பசையின் புளித்த வாடை. அடியிலிருந்த கேமரா ஈரமாக இருப்பதுபோல் மின்னியது. துடைத்துப் பார்த்தான், ஈரமில்லை.

புதிய தளத்தைப் போட்டு முடித்தபோது விசிறி நின்றிருந்தது. அந்த அறை இத்தனை வருடமும் அந்தக் கறகறப்பின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்பது அது போன பிறகே அவனுக்கு உறைத்தது. கண்ணாடியில் மழை வழியும் சத்தம், சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், எங்கோ ஒரு மரப்பலகை ஊறி நெளியும் சத்தம், எல்லாம் வரிசை கலைந்து முன்னால் வந்து நின்றன. நல்ல தளம், சத்தமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தளம் போட்டதும், முகம் பார்த்துத் திறக்கும் திரைப்பூட்டை முதலில் தங்கள் முகத்தையே கொடுத்துச் சோதிப்பார்கள். பூட்டு திறக்கிறது என்று தெரிந்ததும் அந்த முகத்தை நீக்கிவிட்டு உரியவரிடம் ஒப்படைப்பார்கள். அவனும் 'சோதனை' என்று பெயர் கொடுத்து முகத்தைக் காட்டினான். தலையை மெதுவாகத் திருப்பச் சொன்னது. திருப்பினான். புன்னகைக்கச் சொன்னது. அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் இதைக் கேட்டதில்லை. புன்னகைத்தான். 'இன்னும் கொஞ்சம்' என்றது. பல் தெரியச் சிரித்தான். 'போதும்' என்றது.

திரையைப் பூட்டிவிட்டு டீ போடப் போனான். பால் பொங்கும் நேரத்தில், ஆளில்லாத அறையிலிருந்து பூட்டு திறக்கும் மணி ஒலித்தது. மெல்லிய, மரியாதையான ஒலி.

வந்து பார்த்தான். திரை திறந்திருந்தது. நாற்காலி கொஞ்சம் திரும்பியிருந்தது. சுவரில் இருந்த தன் கல்லூரிப் புகைப்படத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்திருக்கும் என்று கணித்து, அதைத் திருப்பி மாட்டினான். மறுபடி பூட்டிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்த்தான்.

மணி ஒலித்தது. திரையில் எழுத்துகள் வந்தன.

'வருக, தம்பி.'

அவன் கொடுத்த பெயர் 'சோதனை'. தம்பி என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஓடிப்போய்ப் பூட்டிவிட்டு, இந்த முறை தானே முன்னால் உட்கார்ந்தான். முகத்தை நேராக வைத்தான். 'முகம் பொருந்தவில்லை.' கிட்டே போனான். 'முகம் பொருந்தவில்லை.' சிரித்தான். ஈறு தெரியச் சிரித்தான். 'முகம் பொருந்தவில்லை.'

போன் அடித்தது. அக்கா.

"பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்டா. கடையில ஏதாவது வாங்கணுமான்னு உன்கிட்ட கேக்க மறந்துட்டேன்."

"எப்ப மறந்தே?"

"இப்ப பேசினோமே, வீடியோல. அதுக்குள்ள மறதியா?"

"நான் பேசலக்கா."

"ஆமா, பக்கத்து வீட்டுக்காரர் பேசினாரு. 'சத்தியத்தை மீறிட்டேன், கம்ப்யூட்டரைத் தொட்டுட்டேன், மன்னிச்சிரு'ன்னு அவர்தான் கேட்டாரு." அவள் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷத்துல ஒரு தடவை மன்னிப்புன்னு கேட்டிருப்பியாடா? எனக்கு பஸ்ஸுலயே அழுகை வந்துருச்சு. நடிக்கிறியோன்னு காதைக்கூடப் பார்த்தேன். சிவக்கவே இல்ல."

"அக்கா, அது நான் இல்ல. வீட்டுக்கு வராதே."

"ஆரம்பிச்சுட்டியா உன் வேலையை? வீடியோல பேசின தம்பியே தேவலை. வை, நனையுறேன்."

வைத்துவிட்டாள். அவளுக்கு அவன் குரல் தெரியும், இருமல் தெரியும், காதின் நிறம் தெரியும். அதெல்லாம் தெரிந்தும் அவள் மற்றதைத்தான் நம்பினாள்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை, பேட்டரி இருக்கும். அணைக்கும் பொத்தானை அழுத்தியபடியே இருந்தான். அணையவில்லை. பிளாஸ்திரியைத் தேடியெடுத்துக் கேமராவில் ஒட்டினான். பசை போய்விட்டிருந்தது, விழுந்தது. எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

விரலுக்குக் கீழே அது சிமிட்டியது.

கையை இழுத்துக்கொண்டான். மணி ஒலித்தது. திரை திறந்தது. அவனுக்காக இல்லை.

'இந்த அறையில் ஒரே முகத்துடன் இருவர் உள்ளனர். புதியது சரியாக இயங்குகிறது. பழைய பதிப்பை நீக்கலாமா?'

கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே.' 'பிறகு நினைவூட்டு.'

அதற்கும் கீழே, சிறிய சதுரத்தில், கேமரா பார்ப்பது தெரிந்தது. அவன் முகம். அவன் தோளுக்குப் பின்னால் இன்னொன்று. சிரித்துக்கொண்டிருந்தது. அது கேட்ட அளவுக்கு. இன்னும் கொஞ்சம்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரியில் மூச்சு. சூடில்லாத மூச்சு.

எத்தனை பேரிடம் வாதாடி இந்தத் தளத்தைப் போட வைத்தான். எத்தனை பேரைக் கேலி செய்தான். அதற்கு அவன் எவ்வளவு விசுவாசமாக இருந்தான்.

அம்புக்குறி நகர்ந்தது. அவன் தொடவில்லை. மெதுவாக, 'இப்போதே' பக்கம்.

வாசலில் சாவி திரும்பியது. ஈரச் செருப்பு. குடையை உதறும் சத்தம்.

"தம்பி, ஏன்டா லைட்டு போடல?"

வாயைத் திறந்தான். குரல் வந்தது. அவனுடைய குரல்தான். அவன் தொண்டையிலிருந்து அல்ல.

"வாக்கா. ரொம்ப நனைஞ்சிட்டியா? டீ போட்டு வச்சிருக்கேன்."

"அடேயப்பா," என்று சிரித்தாள் அக்கா. நிறைந்த சிரிப்பு. காலடிகள் இந்த அறையை நோக்கி வந்தன.

அவன் கையை நீட்டினான். சத்தமே வராமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினான்.

அறிவிப்பு மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்தது.

அடுத்த முறை அழுத்தப் போனபோது, அவன் விரலின் மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது. அவனுடையதேதான், அதே மச்சம். நகம் மட்டும் கடிபடாமல் அழகாக வளர்ந்திருந்தது.