மூத்தவள் விட்டுப்போன புகை

கல்யாணமாகி வந்த அன்று, இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஒரே மூச்சில் குளத்தின் அடியிலேயே மறுகரை தொடுவாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"கொஞ்சம் இரும்மா, நான் மனுஷன்தான்!"

கதவைத் திறந்ததும் பழுத்த மாம்பழ வாசனை குப்பென்று அடித்தது. வீட்டில் பழம் எதுவும் இல்லை.

"அவ இழுத்த வேப்... அந்த எலக்ட்ரானிக் சிகரெட்டோட வாசனை," என்றார் அவர் மெதுவாக. "ரெண்டு வருஷமாச்சு. திரைச்சீலையெல்லாம் மாத்திட்டேன், போகமாட்டேங்குது."

முதல் மனைவி நுரையீரல் கெட்டு, முப்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தது இவளுக்குத் தெரியும். தெரியாதது, அந்த வாசனையில் அவர் முகம் இப்படிக் குழையும் என்பது. இவள் போய் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள்.

மறுவாரம் ஒரு மதியம், அலமாரி இழுப்பறைக்குப் பின்னால் அந்த வேப் கிடைத்தது. விரல் நீளத்தில், நீல நிறத்தில்.

"அப்படி என்னடி இருந்துச்சு உன்கிட்ட?"

வாயில் வைத்து இழுத்தாள். இரண்டு வருடமாக யாரும் சார்ஜ் போடாத அதன் நுனி, பளிச்சென்று எரிந்தது.

பின்னங்கழுத்தில் யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

திரும்பினாள். யாருமில்லை.

அன்றே தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் மாலையில் வந்த கணவர் வாசலிலேயே நின்று, வாசனை பிடித்து, அவளை இறுக அணைத்துக்கொண்டார். கண்களை மூடியபடி. யாரை அணைக்கிறார் என்று புரிந்தது. புரிந்தும், மறுநாளும் இழுத்தாள்.

ஒரு மாதத்தில், இழுக்காவிட்டால் கை நடுங்கியது. அடுத்து இருமல். நான்காம் மாதம் குளத்தில் பாதி தூரம் போவதற்குள் நெஞ்சு அடைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

"மிஸ், உங்க நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது," என்றது ஒரு குழந்தை.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எத்தனை வருஷமா இழுக்கறீங்க?"

"நாலு மாசம்."

அவர் படத்தை மறுபடி பார்த்தார். "நாலு மாசத்துல இப்படி ஆகாதும்மா. நுரையீரல் முழுக்கப் புண். இன்னையோட விட்டுடுங்க."

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். கணவர் அந்த நீலக்குழலை அம்மிக்குழவி கொண்டு நசுக்கினார்.

"தப்பு என்மேலதான். வாசனையில மயங்கிட்டேன். இனிமே எனக்கு நீ மட்டும்தான்."

வாசனை போய்விட்டது. பல மாதங்களுக்குப் பிறகு, அந்த வீடு தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது.

மூச்சுப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து இழுத்தால் மூன்று பந்துகள் மேலேற வேண்டும். அவளால் ஒன்றைத்தான் அசைக்க முடிந்தது. களைத்துப்போய் அதை மேஜையில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருந்த கணவர் பக்கத்தில் சாய்ந்தாள்.

டக்.

முதல் பந்து மேலேறியது.

குழாய் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

டக். டக்.

மூன்றும் உச்சியில் போய் நின்றன. இறங்கவில்லை. அறையில் மாம்பழ வாசனை அடித்தது.

அவள் நெஞ்சுக்குள் காற்று வரவில்லை. "என்னங்க..." உதடு மட்டும் அசைந்தது.

கணவர் கண் திறக்காமலே புரண்டு, மேஜைப் பக்கம் திரும்பி, யாரையோ அணைப்பதுபோல் கையை நீட்டிப் படுத்துக்கொண்டார்.