அவசரப்படாத தண்ணீர்

பிறந்தபோதே அந்த அல்பாக்காக் குட்டி கறுப்பாக, உடம்பெல்லாம் சுருக்கமாக, உறைபனியில் காயவைத்த உருளைக்கிழங்கு போலத்தான் இருந்தது. அந்தக் காய்ந்த கிழங்குக்கு மிந்தாவின் ஊரில் சுன்யோ என்று பெயர். அதையே குட்டிக்கும் வைத்துவிட்டாள் மிந்தா.

"குட்டிக்குப் பேரு வைடின்னா, சூப்புல போடற கிழங்கு பேரை வைக்கிறா பாரு!" என்று அம்மா ஃபெலிசா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அது ஒரு மாதத்துக்கு முன்பு. இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மற்றக் குட்டிகள் எல்லாம் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்க, சுன்யோ மட்டும் நாலடி நடந்தால் உட்கார்ந்துகொண்டது. அதன் தாயிடம் பால் குறைந்துவிட்டது. பால் ஊற ஈரப்புல் வேண்டும். ஈரப்புல்லோ நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

சிலி நாட்டின் வடகோடி மலையுச்சியில் இருந்தது அவர்கள் வீடு. சுற்றிலும் கல், மணல், துடைப்பக்குச்சி போன்ற முரட்டுப் புல். வீட்டுக்கு எதிரே மட்டும் ஓர் ஊற்று. ஊற்றிலிருந்து இறங்கும் சரிவில், மிதித்தால் மெத்தை போல அமுங்கும் ஈரப்புல்வெளி. கம்பளிக்காக அவர்கள் வளர்த்த அறுபது அல்பாக்காக்களும் அதை நம்பித்தான் இருந்தன.

"மந்தையோட காதுக்குக் கம்பளிப்பூ கட்டற நாள் வரைக்கும் பாப்போம்" என்றார் அப்பா ஹசிந்தோ, இரவு உணவின்போது. "அதுக்கு இன்னும் பன்னண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள மழை வரலைன்னா மந்தையைக் கிழக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிட வேண்டியதுதான். ரெண்டு நாள் நடை."

"அப்போ சுன்யோ?"

அப்பா கிண்ணத்தையே பார்த்தார். "அதால நடக்க முடியாதும்மா."

"நான் தூக்கிட்டு வரேன்!"

"தூக்கிட்டு வந்துடலாம். தாய்கிட்ட பாலுக்கு எங்க போறது? ரெண்டு நாள் நடந்தா இருக்கிற கொஞ்சமும் வத்திடும்."

மிந்தாவின் கீன்வா தானியக் கஞ்சி கிண்ணத்திலேயே ஆறிப்போனது.

"ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க?" என்றார் எலோய் மாமா. "மழை வரலைன்னா என்ன? நம்ம தொட்டியில தண்ணி வழியுதுல்ல!"

எலோய் மாமா அம்மாவின் தம்பி. அரிக்கா நகரத்தில் துறைமுக வேலை, கட்டட வேலை, ரொட்டிக்கடை வேலை என்று எதிலும் நிலைக்காமல், மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு புத்தம்புது மண்வெட்டியோடு வந்து இறங்கினார். வந்த மறுநாளே ஊற்றைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

ஊற்றுத் தண்ணீர் அப்போது விரல் தடிமனில் பத்துப் பதினைந்து சின்ன ஓடைகளாகப் பிரிந்து, புல்வெளி முழுக்க வளைந்து வளைந்து ஊர்ந்துகொண்டிருந்தது.

"இதென்ன தண்ணி, கடைக்கு அனுப்பின பையன் மாதிரி ஊரெல்லாம் சுத்திட்டுப் போகுது? நேரா ஒரு வாய்க்கால் வெட்டினா பட்டி வாசலுக்கே வந்துடுமே!"

மாமா மண்ணைத் தொடுவதற்கு முன் வழக்கப்படி பூமித்தாயிடம் அனுமதி கேட்டார். பிறகு நாலு நாள் மாடாக உழைத்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். முழங்கால் ஆழத்துக்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வாய்க்கால் வந்தது. பட்டி வாசலில் இருந்த கல்தொட்டி நிரம்பி, மீதித் தண்ணீர் மணலில் வழிந்தோடியது.

அப்பா கைதட்டினார். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "என் தம்பி எவ்ளோ பெரிய வேலை பண்ணிட்டான்!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அன்று முதல் மாமா தினமும் காலையில் தொட்டியருகே போய் நின்று, தண்ணீர் விழுவதை ரசிப்பார். பாவம், அவரை யாராவது பாராட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது.

கிழக்கு மேய்ச்சல் பற்றி அப்பா சொன்னதற்கு மறுநாள், மிந்தா சுன்யோவை முதுகுத்துணியில் கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனாள். எங்காவது கொஞ்சம் பச்சை இருந்தால் தாயை அங்கே மேயவிடலாம் என்று நினைத்தாள்.

வாய்க்காலின் இரண்டு பக்கமும் புல் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. வாய்க்காலை விட்டுத் தள்ளிப் போகப் போக மஞ்சள் குறைந்தது. வாய்க்கால் தொடங்கும் இடத்துக்கு மேலே, ஊற்றையொட்டிய ஒரு துண்டு நிலம் மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

'மழை இல்லாததாலதான் காயுதுன்னா, இங்கயும் காயணுமே?'

மிந்தா குப்புறப் படுத்து வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தாள். அதன் மண்சுவர் முழுக்க ஈரம் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. புல்வெளி சேர்த்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் வாய்க்கால் உறிஞ்சி மணலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஐயோ மாமா!" என்றாள் மிந்தா மெதுவாக. சுன்யோ அவள் பின்னலைச் சப்பியது.

கண்டுபிடித்துவிட்டாள், சரி. மாமாவிடம் எப்படிச் சொல்வது? தொட்டியருகே நிற்கும் அவர் முகம் நினைவுக்கு வந்ததும் வாய் வரவில்லை. அதனால் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். புல்லோடு சேர்த்து நாலைந்து மண்கட்டிகளை வெட்டியெடுத்து, வாய்க்காலின் நடுவில் அடைத்துவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மாமாவின் கத்தல் மலையெல்லாம் கேட்டது.

"டேய் ஜெனரல்! உன் வேலைதானா இது? நான் கஷ்டப்பட்டு வெட்டின வாய்க்கால்ல மண்ணைத் தள்ளி விட்டிருக்கியே, உனக்கு வேற வேலை இல்லியா?"

ஜெனரல் என்பது மந்தைக்கு முன்னால் நடக்கும் கிழட்டு லாமா; அல்பாக்காவைவிடப் பெரிய, அதே இனத்து விலங்கு. அது ஒன்றும் புரியாமல் காதை ஆட்டியது. மாமா மண்கட்டிகளை அள்ளி வெளியே போட்டார்.

அன்று மாலை மிந்தா மறுபடியும் அடைத்தாள். காலையில் ஜெனரலுக்கு மறுபடியும் திட்டு. மூன்றாம் நாள் ஜெனரலுக்கும் பொறுமை போய்விட்டது. மாமா வாயைத் திறந்ததுமே குறிபார்த்து அவர் தொப்பியில் 'தூ' என்று துப்பியது.

மிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. செய்யாத தப்புக்கு அந்தக் கிழடு எத்தனை நாள்தான் திட்டு வாங்கும்? அதோடு மூன்று நாள் வீணாகிவிட்டது. சுன்யோவுக்கு இன்னும் எட்டு நாள்தான்.

"மாமா, ஜெனரலைத் திட்டாதீங்க. வாய்க்காலை அடைச்சது நான்தான்."

மாமா தொப்பியைத் துடைப்பதை நிறுத்தினார். "நீயா? எதுக்கு?"

மிந்தா தயங்கித் தயங்கி, பார்த்ததையெல்லாம் சொன்னாள். மாமாவின் முகம் சுருங்கியது.

"எங்க போனாலும் எலோய் பண்ணினது தப்புன்னுதான் சொல்றாங்க. இப்போ நீயும் சொல்லிட்டியா?"

"நான் சொல்றதை நம்ப வேணாம் மாமா. நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஒரு பந்தயம் வைப்போமா?"

பந்தயம் என்றதும் மாமாவின் ஒரு புருவம் தானாகவே மேலே போனது.

மிந்தா கம்பளிப்பூவுக்காக அம்மா சாயம் தோய்த்து வைத்திருந்த கம்பளிக் கூடையிலிருந்து ஒரு சிவப்புத் துணுக்கும் ஒரு மஞ்சள் துணுக்கும் எடுத்து வந்தாள். ஊற்றருகே காய்ந்து கிடந்த பழைய சின்ன ஓடை ஒன்றைக் கையால் வழித்துச் சீராக்கி, அதில் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிவிட்டாள்.

"சிவப்பு உங்க வாய்க்கால்ல. மஞ்சள் என் ஓடையில. எது என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

"நீ தோத்துட்டே, போ!" என்றார் மாமா, வாய்க்காலை அடைத்திருந்த மண்கட்டிகளை அள்ளி வெளியே போட்டபடி.

சிவப்பு சிட்டாகப் பறந்தது. மாமா அதோடு கூடவே ஓடினார். மிந்தா நூறு எண்ணி முடிப்பதற்குள் அது தொட்டியில் விழுந்தது.

"பாத்தியா! பாத்தியா!" மாமா கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

அவர் குதித்து முடிப்பதற்குள் சிவப்பு தொட்டியைத் தாண்டி வழிந்து, மணலில் போய் ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் அதைச் சுற்றியிருந்த ஈரமும் காணாமல் போனது.

மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உன் மஞ்சள் எங்கே?" என்றார்.

"வந்துட்டு இருக்கு."

மாமா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். வறுத்த சோளத்தைக் கொறித்தார். ஒரு தூக்கம் போட்டார். எழுந்து மறுபடியும், "எங்கே?" என்றார்.

"வந்துட்டுதான் இருக்கு மாமா. போய்ப் பாருங்களேன்."

மதியம் அவர் சரிவில் ஏறிப் போனார். மஞ்சள் துணுக்கு மூன்றாவது வளைவைக்கூட இன்னும் தாண்டவில்லை. ஒரு புல்லில் மாட்டும், சுற்றும், நிற்கும், மறுபடி கிளம்பும். மாமா இன்னும் கிட்டே போனார். 'சளக்' என்று அவர் கால் அமுங்கியது. செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்று வாரமாக அந்தப் புல்வெளியில் யார் காலும் நனைந்ததில்லை.

ஓடை நனைத்த இடத்தில் சுன்யோவின் தாய் தலை குனிந்து, முதல் முறையாக நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

மாமா செருப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்தார். பிறகு, "அல்பாக்கா குடிக்கத் தொட்டி நிறையத் தண்ணி கொண்டு வந்தேன். புல்லும் குடிக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே, மிந்தா" என்றார்.

"உங்க கையில கொப்புளம் வந்ததெல்லாம் எங்களுக்காகத்தானே மாமா."

அன்று இரவு உணவின்போது மாமா தானாகவே எழுந்து நின்றார். "புல்லு காயறது மழை வராததால இல்லை. என் வாய்க்காலால. நாளைக்கே மூடப் போறேன்" என்றார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா தலையைச் சொறிந்தார். "கூட நின்னு கைதட்டினது நான்தானே மச்சான்? பொறந்ததுலேருந்து இந்தப் புல்லைப் பாக்கறேன், எனக்கே புத்தி வரலை. காலையில நானும் வரேன்."

"நானும்தான்" என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணு. அந்த ஜெனரல்கிட்ட முதல்ல மன்னிப்பு கேளு."

மாமா கேட்டார். கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்டார்.

பூமித்தாயிடமும் கேட்டார்: "தாயே, நேரா போட்ட கோடு கோணலாப் போச்சு. பொறுத்துக்கோ." பிறகு நாலு பேருமாகப் பத்தடிக்கு ஒரு இடத்தில் புல்கட்டிகளை அடுக்கி வாய்க்காலை அடைத்தார்கள். தண்ணீர் தேங்கி, ஏறி, இரண்டு பக்கமும் வழிந்து, பழைய ஓடைகளைத் தேடிக்கொண்டு போனது. எந்தக் கட்டியும் அசையாதபடி அடுக்கியது மாமாதான். அவ்வளவு கச்சிதமாக வேறு யாருக்கும் வரவில்லை.

கம்பளிப்பூ கட்டும் நாளும் வந்தது. மழை மட்டும் வரவில்லை.

அப்பா விடியற்காலையில் புல்வெளிக்கு நடுவே போய் நின்றார். மிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அப்பா குதிகாலால் தரையை அழுத்தினார். காலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. இன்னும் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். அங்கும் ஊறியது.

"என்னப்பா, கிளம்பணுமா?"

"எங்கே கிளம்பறது? கூடையை எடுத்துட்டு வா. அறுபது ஜோடிக் காதுக்குப் பூக் கட்டணும்."

"அறுபத்தொண்ணுப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் மிந்தா.

சுன்யோவின் காதில் ரோஜா நிறப் பூக் கட்டினாள். அது நின்று கட்டிக்கொள்ளவே இல்லை. பின்னங்காலால் உதைத்துக்கொண்டு ஓடியது. அவளும் விரட்டினாள். விரட்டி விரட்டி மூச்சு வாங்கி உட்கார்ந்ததும்தான், இப்படி ஓடுவது சுன்யோ என்பதே அவளுக்கு உறைத்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

விழாவுக்கு வந்த பக்கத்து மலைக்காரர்களை எலோய் மாமா தொட்டியருகே அழைத்துப் போனார். தொட்டியில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"காலையில ஊத்துல ஒரு சிவப்புக் கம்பளி போட்டேன்" என்றார் மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு. "மதியம் ஆச்சு, இன்னும் வரலை! இவ்ளோ மெதுவான தண்ணியை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அந்தக் கம்பளி கடைசிவரை வரவே இல்லை. பாதி வழியில், நாலு காலும் நனைய நின்றுகொண்டு, சுன்யோ அதை மூக்கால் முட்டி விளையாடிக்கொண்டிருந்தது.