தொட்டி மணலில் ஒரு கால்

புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டதால் உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது. சுனாமி வந்த அடுத்த வருஷம் அது. கடலோரமாக இருந்த தட்சணாமூர்த்தியின் பழைய பங்களாவுக்குச் செல்வநாதன் வேலை கேட்டுப் போனான்.

ஜன்னல் திறக்காத ஹாலில் ஈர வாடை அடித்தது. நடுவில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், கடல் மீன்கள், அடியில் மணல்.

"மணல்தாம்பா முக்கியம்," என்றார் தட்சணாமூர்த்தி. "மீனு தின்னு போட்டது எல்லாம் அதுலதான் எறங்கும். ட்யூபை உள்ள குத்தி அழுக்கை உறிஞ்சி வெளிய விடணும். விட்டுட்டா அடியில கறுத்துப் போயி மீனெல்லாம் செத்துடும்."

"மணல் ஏது சார்?"

"எதுர்லயே கடல் இருக்குது, கடையிலயா போயி வாங்குவாங்க? அள்ளியாந்து அலசிப் போட்டதுதான்."

எதிரில் இருந்த அந்தக் கரையில்தான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, ஆஷ்லின் புதுக் கவுனோடு கிளிஞ்சல் பொறுக்கப் போனாள். செல்வநாதனுக்கு ஒரே மகள். உடல் கிடைக்கவில்லை. அவனுக்கு அழுகையும் வரவில்லை. எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

அழுக்கை எடுத்துவிட்டு, கைப்பழக்கத்தில், ஒரு பலகைத் துண்டால் மணலைச் சமன் செய்தான். உப்புப் பாத்தியை மிதித்துச் சமன் செய்து வைத்தால் ஆஷ்லினுக்கு அது ஒரு விளையாட்டு. அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தப் பக்கமே வரமாட்டாள். "பாத்தியில கால் வைக்காதடி" என்று சொன்னால் போதும், ஓடிவந்து ஒரு மிதி மிதித்துவிட்டுச் சிரிப்பாள். பொல்லாத பெண்.

மறுநாள் தொட்டியின் மூடியைத் திறக்கப் போனவன் அப்படியே நின்றான்.

மணலில் ஒரு கால் பதிந்திருந்தது.

சின்னக் கால். இடது கால். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

ஆஷ்லினுக்குப் பிறவியிலேயே அப்படித்தான்.

மனைவி ஆனந்தம்மாளை அழைத்துவந்து காட்டினான். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கலைச்சிடாதீங்க," என்றாள் மெதுவாக.

அவன் ட்யூபைத் தொடவில்லை. சுவடு அப்படியே இருந்தது. ஆனால் மணல் கறுக்கத் தொடங்கியது. ஹால் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். மீன்கள் ஒவ்வொன்றாக வயிறு மேலாக மிதந்தன.

தட்சணாமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னாப்பா பண்ணி வச்சிருக்கே? மொத்தத்தையும் அள்ளிக் கடல்ல கொட்டு. நான் புதுசா பாக்கெட் மணலே வாங்கியாறேன்."

மறுபடியும் அவளைக் கடலுக்கா கொடுப்பது? செல்வநாதனால் அது மட்டும் முடியாது.

மணலைச் சாக்கில் அள்ளிச் சைக்கிளில் வைத்து, மனைவியோடு கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். அன்று கல்லறைத் திருநாள். எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குத்தான் பூ வைக்க இடமில்லாமல் இருந்தது. மூலையில் ஒரு குழி தோண்டி மணலைக் கொட்டி மூடினார்கள். ஆனந்தம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

தொட்டியில் போட்ட புது மணல் வெள்ளை வெளேரென்று இருந்தது. மீன்களும் புதிதாக வந்தன. செல்வநாதன் தினமும் ட்யூபைக் குத்தி அழுக்கெடுத்தான், பலகையால் சமன் செய்தான். மறுநாள் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

"இன்னைக்கு?" என்பாள் ஆனந்தம்மாள், அவன் வீட்டுக்குள் நுழையும்போதே.

இல்லை என்று தலையாட்டுவான்.

ஒருநாள் அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். "நாமளே கொண்டுபோயி பொதைச்சிட்டமா? அவ நம்மகிட்டதானங்க இருந்தா?"



மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பங்களாவில் யாரும் இல்லை. தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மணலைச் சமன் செய்து, மூடியை வைத்து, கையைத் துடைத்துக்கொண்டான். போக மனம் வரவில்லை.

வாயைத் திறந்தான். அந்த வார்த்தையைச் சொல்லிப் பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"பாத்தியில கால் வைக்காதடி," என்றான்.

மோட்டார் நின்றது.

மீன்கள் ஒரு மூலைக்கு ஒதுங்கின.

அழுகிய முட்டை நாற்றம் மெல்ல எழுந்தது.

மூடிய தொட்டிக்குள், அசையாத தண்ணீருக்கு அடியில், வெள்ளை மணல் மெதுவாக அமுங்கியது. முதலில் குதிகால். பிறகு விரல்கள். கடைசியில் சுண்டுவிரல், பக்கத்து விரல்மேல் ஏறியபடி.

செல்வநாதன் அசையவில்லை. கன்னத்தில் ஏதோ வழிந்தது. உதட்டில் உப்புக் கரித்தது.

மணல் இன்னொரு முறை அமுங்கியது.

இந்தத் தடவை, கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில்.