மரம் பிடுங்கிய வெளியூர்க்காரர்

நாரணாபுரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் காக்கா பறக்காது. எந்தப் பட்டாசுக் கம்பெனி சரக்கு என்று தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, மறுபடி சோறு கொத்தும். அந்த ஊரில் வெடிக்குப் பயந்த ஒரே உயிர் பாண்டிச்செல்வம்தான். வயது மூன்று.

தீபாவளி சீசன். ஊருக்கு வெளியே பொட்டலில் புது வெடிகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ‘டமார்’ என்றதும் பாண்டிச்செல்வம் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சோற்றுத் தட்டோடு பின்னாலேயே தவழ்ந்து தவழ்ந்து, அக்கா நாகஜோதிக்கு முழங்கை தேய்ந்து பாதியாகிவிட்டது. நேற்றிலிருந்து அந்தச் சோறும் வேண்டாம் என்கிறான்.

பயந்த பிள்ளைக்கு இடுப்பில் வெள்ளிக்காசு கட்டுவது அந்தத் தெரு வழக்கம். இருளம்மாள் அத்தை தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். தின்கிற தட்டை அளவு இருந்தது. அதில் உடம்பெல்லாம் முடியோடு ஒருவர், வேரோடு பிடுங்கிய மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

அனுமார் என்றாள் அத்தை. அப்படியானால் பையன் இனி கறி தின்னக் கூடாதாம். வால் எங்கே, இது கருப்பசாமி என்றாள் அம்மா. அப்படியானால் முதலில் கிடாய் வெட்ட வேண்டுமாம். பக்கத்து வீட்டு சேசுராஜ் வாத்தியார், மரக்கம்பு ஊன்றி ஆற்றைக் கடந்த புனித கிறிஸ்தோபர் என்று அடித்துச் சொன்னார். பிறகு கைபேசியில் தேடினார். முகம் மாறிவிட்டது.

“இது நானூறு வருசத்துக்கு முந்துன ஜெர்மனிக் காசு. ஆனா அப்ப ஜெர்மனின்னு ஒரே நாடு கெடையாதாம். ஆளுக்கொரு ராசா, ராசாவுக்கொரு காசு. இவரு சாமியும் இல்ல, ராசாவும் இல்ல. சும்மா ஒரு காட்டு மனுசன்.”

“சும்மா நிக்கிறவருக்கு மரம் எதுக்கு?” என்றாள் அத்தை.

யாரென்றே தெரியாதவரைப் பிள்ளை இடுப்பில் எப்படிக் கட்டுவது? மூவரும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் அழுகை கேட்டது.

நாகஜோதி காசை வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள்.

“யாருக்கா இது?” என்றான் தம்பி.

“வெளியூர்க்காரர்லே. வெடிச் சத்தம் கேட்டதே இல்லையாம். பயத்துல, பிடிச்சிருந்த மரத்தையும் பிடுங்கிக்கிட்டு ஓடியாந்துட்டாரு.”

பாண்டிச்செல்வம் உற்றுப் பார்த்தான். “முடியெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கு.”

“அம்புட்டு பயம். நான் சொன்னா கேக்க மாட்டேங்காரு. நீ சொல்லிப் பாரு.”

டமார்.

பாண்டிச்செல்வத்தின் உதடு பிதுங்கியது. ஆனால் கை காசைப் பொத்திக்கொண்டது. “பயப்படாதீக,” என்றான் காசிடம். “வெடிதான்.”

சொன்னால் மட்டும் போதாது என்று தோன்றியதோ என்னவோ, காசோடு வெளியே தவழ்ந்து வந்தான்.

அனுமாரா, கருப்பசாமியா என்று உள்ளே இன்னும் முடிவாகவில்லை. பாண்டிச்செல்வம் வாசலில் நின்று, காசைப் பொட்டல் பக்கம் திருப்பிப் பிடித்து, அந்த ஜெர்மன்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். நடுநடுவே நாகஜோதி சோறு ஊட்டினாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

“இப்ப வெடிச்சது சின்னது. அடுத்தது பெருசு,” என்றான் வாய் நிறையச் சோற்றோடு. “என் கையைப் பிடிச்சுக்கிடுங்க.”